மூணு பொழுது

இப்பிடி உக்காருங்க ராயசம் ஐயா. அந்தப் பக்கம் வேணாம், காத்து திரும்பினா சுண்ணாம்புக் காளவாய்ப் புகை உங்க மூஞ்சியிலதான் அடிக்கும். கப்பித்தான் துரைக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கிறவரு, சென்னப்பட்டினத்துலேருந்து இந்தத் தேவனாம்பட்டினம் வரைக்கும் என்னைத் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. ஒரு எளனியாவது வெட்டித் தராம அனுப்பினா நல்லாவா இருக்கும்? குடிங்க. குடிச்சிட்டு அந்தக் கடுதாசியை இன்னொரு தரம் படிங்க. முழுசும் வேணாம். கடைசியில என் பேரு வருதே, அந்த இடம் மட்டும்.

'என் விசுவாசமுள்ள துபாசி வஞ்சிமுத்து.'

அதேதான். துரை அப்பிடியேவா சொன்னாரு? விசுவாசமுள்ளன்னு அவரே சொன்னாரா, இல்ல நீங்க மரியாதைக்குச் சேத்துக்கிட்டீங்களா? அவரே சொன்னாரா. சரி.

திரும்பியும் அதே தீவுக்குத் துபாசியா கூப்பிடுறாரு. நான் வரலீங்க ஐயா. உடம்புக்கு ஒண்ணுமில்ல. சம்பளமும் குறைச்சல் இல்ல. வெதர்பி கப்பித்தான் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவரை மாதிரி ஒரு மனுசனை நான் பாத்ததில்ல, அது சத்தியம். ஆனா வரலை.

காரணம் கேக்காம நீங்க எழுந்திருக்க மாட்டீங்கபோல இருக்கு. சொல்றேன். என் சம்சாரம் செம்பாயி சுண்ணாம்புக் கூடையோட சந்தைக்குப் போயிருக்கா, அதனாலதான் சொல்றேன். அவளுக்கே தெரியாது. அஞ்சு வருசமா இந்த வாயில வராத விசயம்.

எனக்கு நக்கவாரத் தீவு தெரியும். சின்ன வயசுல ஒரு மரக்காயரோட சலங்குக் கப்பல்ல தேங்கா ஏத்திக்கிட்டு வர மூணு தரம் போயிருக்கேன். கரையில எறங்கி அவங்களோட பேரம் பேச ஒரு பன்னண்டு வார்த்தை கத்துக்கிட்டேன். தேங்காய்க்கு ஒண்ணு, பன்னிக்கு ஒண்ணு, இரும்புக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. நல்லது, கெட்டது, குடு, போ. அவ்வளவுதான். அப்புறம் இங்கிலீசுக் கப்பல்கள்ல லஷ்கரா, அதான் கூலி மாலுமியா, வேலை பாத்து கப்பல் இங்கிலீசும் கொஞ்சம் வந்துச்சு.

அப்பதான் வெதர்பி துரையோட கப்பல் இங்க வந்து நங்கூரம் போட்டுச்சு. யாவாரக் கப்பல் இல்ல, சண்டைக் கப்பலும் இல்ல. ஒலகத்துல எந்தப் படத்துலயும் இல்லாத கரையைத் தேடிக் கண்டுபிடிச்சுப் படம் எழுதுறதுக்குன்னு வந்த கப்பல். துரை அதுக்கு முன்னாடியே ரெண்டு தரம் ஒலகத்தைச் சுத்தினவரு. தெக்கே போகப்போக கடல்தண்ணி ஒறைஞ்சு மலை மலையா மெதக்குதுன்னு அவரு சொன்னப்ப நாங்க யாரும் நம்பலை. கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போறோம், தீவு பாஷை தெரிஞ்ச ஆளு வேணும்னு கேட்டாரு. கடக்கரையில அறுவது பேரு நின்னோம். நான் கையைத் தூக்கினேன்.

"எந்தத் தீவு பாஷை தெரியும்?"னு கேட்டாரு.

"எல்லாத் தீவும் தெரியும் துரை"ன்னேன்.

ஏன் அப்பிடிச் சொன்னேன்? லஷ்கர்னா மழையில பாய்மரம் ஏறணும், கயிறு இழுத்து இழுத்துக் கை தோலுரியும். துபாசின்னா கப்பித்தான் பக்கத்துல நின்னு பாஷையை மாத்திச் சொன்னாப் போதும். எனக்கு ஒரு நீலச் சட்டை குடுத்தாங்க, பித்தளைப் பொத்தான் வெச்சது. அதைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல ஒரு தரம் நடந்தேன் பாருங்க, என் மச்சான்காரன் எழுந்து நின்னான். நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. அப்ப எனக்கு வயசு முப்பத்தெட்டு, அதுவரைக்கும் எனக்காக யாரும் எழுந்து நின்னதில்ல.

பொய் ஒண்ணும் பெரிசாத் தெரியலை. நக்கவாரத்துல அந்தப் பன்னண்டு வார்த்தையே போதுமானதா இருந்துச்சு. நான் சொல்லச் சொல்ல துரை ஒரு சின்னப் பொஸ்தகத்துல எழுதிக்குவாரு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் சொல்லச் சொல்லி, தன் வாயாலயும் சொல்லிப் பாத்துக்குவாரு. எதையும் அரைகுறையா விடுற ஆளு இல்ல அவரு. கடல் ஆழம் பாக்க ஈயக்குண்டு எறக்குவாங்களே, அதோட அடியில கொழுப்புத் தடவியிருக்கும், அதுல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணை வெரல்ல எடுத்து மோந்து பாத்துட்டுத்தான் எழுதுவாரு. பீப்பாய்த் தண்ணியை முதல்ல அவரு குடிச்சுப் பாத்தப்புறந்தான் மத்தவங்களுக்கு. ஊறவெச்சுப் புளிச்ச ஏதோ ஒரு கீரையை எல்லாரும் தின்னாகணும், தின்னாதவனுக்குச் சவுக்கடி. ஆனா அந்தக் கப்பல்ல பல்லு ஈறு அழுகி ஒருத்தன் சாகலை. அப்பிடிப்பட்டவரு, என் வார்த்தையை மட்டும் மோந்து பாக்கலை. நான் சொன்னதை அப்பிடியே எடுத்துக்கிட்டாரு.

நக்கவாரம் தாண்டித் தெக்கால பதினெட்டு நாள். தண்ணி தீந்துக்கிட்டே வந்துச்சு. பத்தொம்பதாம் நாள் காலையில ஒரு தீவு. நடுவுல ஒரு மலை, சுத்தி வெள்ளையா நுரை தள்ளுற பாறை, ஒரே ஒரு எடத்துல வாசல் மாதிரி வழி. துரை கண்ணாடிக் குழலை வெச்சுப் பாத்துட்டு, "இது யாரு படத்துலயும் இல்ல"ன்னாரு. கொழந்தை மாதிரி ஒரு சந்தோசம் அவரு மொகத்துல.

படகுல போனோம். ஓடை ஒண்ணு கடல்ல வந்து விழுந்துச்சு. கரையில இருபது பேரு இருந்தாங்க. ஆயுதம் எதுவும் இல்ல. ஒரு ஆளு மட்டும் முன்னால வந்தாரு. நல்ல ஒசரம், தலையில நரை. எங்களுக்கும் ஓடைக்கும் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சாரு. விரிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினாரு.

ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலை ஐயா. நக்கவாரத்துப் பாஷையோட வாசனைகூட அதுல இல்ல.

"என்ன சொல்றாரு?"ன்னு துரை கேட்டாரு.

எனக்குப் பின்னாடி பதினாலு பேரு நிக்கிறான், எல்லாரும் என் வாயைப் பாக்கிறான். நீலச் சட்டை போட்டிருக்கேன். கையை விரிச்சா வான்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்து கையை விரிச்சா என்ன அர்த்தம்? "வாங்க, தண்ணி எடுத்துக்கங்கன்னு சொல்றாரு துரை"ன்னேன்.

அந்தப் பெரியவரு விடலை. கெழக்கே கையைக் காட்டி, அப்பிடியே தலைக்கு மேல கொண்டுவந்து, மேக்கே எறக்கினாரு. திரும்பியும் கெழக்கேருந்து மேக்கே. திரும்பியும். மூணு தரம். அப்புறம் தன் நெஞ்சுல கை வெச்சுட்டு எங்க பீப்பாயைத் தொட்டாரு.

"அது என்ன, மூணு தரம் காட்டுறாரே?"ன்னு கேட்டாரு துரை. கேக்காம விடலை அவரு. கேட்டாரு.

"அம்மாம் பெரிய ஓடையாம் துரை. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்கன்னு சொல்றாரு."

துரை தொப்பியைக் கழட்டி அந்தப் பெரியவருக்கு வணக்கம் சொன்னாரு. ஒரு கோடாலி பரிசாக் குடுத்தாரு. பெரியவரு அதை வாங்கிக்கிட்டு, தான் சொன்னதை நாங்க புரிஞ்சுக்கிட்டோம்னு நெனைச்சுட்டாரு. ரெண்டு பக்கமும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மறுநா காலையில பீப்பாயை உருட்டிக்கிட்டு ஓடையோரமா மேல ஏறினோம். கொஞ்ச தூரத்துல கால் நட்டுக் கட்டின சின்ன வீடு ஒண்ணு, சுத்தி ஓலைத் தோரணத்தால அடைச்சிருந்துச்சு. நம்ம ஆளுங்க ஓடையில எறங்கிக் குளிக்கிறதும் கத்துறதுமா இருந்தானுங்க. ஒருத்தன் அந்தத் தோரணத்தை ஒதுக்கி உள்ள எட்டிப் பாத்தான். உள்ளேருந்து ஒரு பொம்பளை கூச்சல் போட்டா. அவ்வளவுதான், காட்டுக்குள்ளேருந்து ஓடிவந்தாங்க. கல்லு, ஈட்டி. எங்க கப்பல் தச்சனுக்குத் தோள்ல குத்து. "மேல சுடுங்க, ஆள் மேல சுடாதீங்க!"ன்னு துரை கத்தினாரு, அது என் காதுல விழுந்துச்சு. ஆனா எவனோ ஒருத்தன் கீழ சுட்டான், அப்புறம் எல்லாரும் சுட்டாங்க. சுட்டவன் நான் இல்ல. என் கையில துப்பாக்கி இல்ல. அதை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும்.

நாலு பேரு. அந்தப் பெரியவரு ஓடைக்குள்ளயே விழுந்தாரு.

ஒரு இளவட்டம் தொடையில குண்டு பட்டுத் தண்ணியோரம் கெடந்தான். துரை அவனைத் தூக்கிப் படகுல போடச் சொன்னாரு. வைத்தியர் பாத்தா பொழைச்சுக்குவான், கட்டுப் போட்டதும் கொண்டுவந்து விட்டுடலாம்னாரு. ஆனா அன்னிக்கு மத்தியானமே காத்து மாறிப்போச்சு. பாறை மேல தள்ளுற காத்து. நங்கூரத்தை அறுத்துவிட்டுட்டுத்தான் வெளியே வர முடிஞ்சுச்சு. தண்ணிக்கு அப்புறம் வழியில பெஞ்ச மழையைத்தான் பாயில புடிச்சோம். அந்தக் காத்து மட்டும் மாறலைன்னா அவனை அன்னிக்கே கரையில விட்டிருப்போம். நான் பல தரம் நெனைச்சுப் பாத்திருக்கேன், அந்தக் காத்தாலதான் எல்லாம்.

இல்ல. காத்தால இல்ல. சொல்லிக்கிட்டே வர்றேன்.

அவன் பேரு பைலோ. இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். "தீவு பாஷை தெரிஞ்சவன் நீதானே, அவனைப் பாத்துக்க"ன்னு என்கிட்ட விட்டாரு துரை. முதல் எட்டு நாள் சுவத்தைப் பாத்துக்கிட்டே கெடந்தான். துரை தினமும் வருவாரு. தன் மேசையிலேருந்து கோழிக் கஞ்சி, சக்கரைக் கட்டி எடுத்துக்கிட்டு வந்து, பக்கத்துல தரையில உக்காந்து, தன் கையால ஊட்டுவாரு. ஒம்பதாம் நாள் அவன் வாயைத் தொறந்தான். அப்புறம் துரை வர்ற சத்தம் கேட்டாலே நிமிந்து உக்காருவான். துரை தன் சட்டைப்பைக் கடியாரத்தைக் காதுல வெச்சுக் காட்டினப்ப சிரிச்சான்.

என்கிட்ட பாஷை சொல்லிக் குடுத்தான். மேல்தட்டுல வெயில்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா. தண்ணி. கயிறு. கண்ணு. பசி. நானும் படிச்சேன், உண்மையாவே படிச்சேன். இந்தத் தரம் பன்னண்டு இல்ல, நூறு, நூத்தம்பதுன்னு ஏறிச்சு. எனக்கு முன்னாடி அவன் பாஷை தெரியாதுங்கிறதை அவன் புரிஞ்சுக்கிட்டிருப்பான்னு நீங்க நெனைப்பீங்க. அப்பிடி இல்ல. நான் மறந்துபோனதைத் திரும்பப் படிக்கிற மாதிரி நடிச்சேன்.

ஒருநா எண்ணிக்கை சொல்லிக் குடுத்தான். வெரலை மடக்கி ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் ஒரு நாளுங்கிறதுக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். அவன் கெழக்கே கையைக் காட்டி, தலைக்கு மேல கொண்டுவந்து, மேக்கே எறக்கினான். ஒரு பொழுது.

ஓடையோரம் அந்தப் பெரியவரு மூணு தரம் காட்டினது இதைத்தான் ஐயா.

அவனே சொன்னான். நான் கேக்கலை. அந்தப் பெரியவரு அவனோட அண்ணன். ஓடையோரத்து வீட்டுல அண்ணன் பொண்டாட்டி அன்னிக்குத்தான் புள்ளை பெத்திருக்கா. பெத்தவ வீட்டுப் பக்கம் மூணு பொழுது வெளியாளு போகக் கூடாது, அந்த ஓடையைத் தொடக் கூடாது. 'மூணு பொழுது பொறுங்க, அப்புறம் நாங்களே உங்க பீப்பாயில தண்ணி ரொப்பிக் கொண்டாந்து தர்றோம்.' அவ்வளவுதான் அந்த மனுசன் சொன்னது. நெஞ்சுல கை வெச்சுப் பீப்பாயைத் தொட்டாரே, அதான்.

மூணு நாள். எங்ககிட்ட அஞ்சு நாளைக்குத் தண்ணி இருந்துச்சு.

அப்புறம் பைலோ என்னைப் பாத்து ஒண்ணு கேட்டான். "அண்ணன் சொன்னதை நீ உங்க பெரியவருகிட்ட சொன்னியா?"

இல்லைன்னு சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையும் அவன் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தான். எனக்கு அது தெரியும். ஆனா அவன் என்னை எப்பிடிப் பாப்பான்? அந்தக் கப்பல்ல அவனுக்கு இருந்தது நான் ஒருத்தன்தானே?

"சொன்னேன்"னேன்.

"அப்ப அவருக்குத் தெரியும்"னான். கேள்வியா கேக்கலை. சும்மா சொன்னான்.

அன்னிலேருந்து துரை கையால எதையும் வாங்கலை. துரை உக்காருவாரு, கரண்டியை நீட்டுவாரு, அவன் மூஞ்சியைத் திருப்பிக்குவான். வைத்தியர் கட்டுப் போட வந்தா பிச்சு எறிவான். என் கையால மட்டும் தண்ணி குடிச்சான். என் கையால, ஐயா.

"ஏன் இப்பிடிப் பண்றான்? நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேளு"ன்னாரு துரை. கேட்டேன். "அவருக்கே தெரியும்"னான் பைலோ. நான் துரைகிட்ட, "ஊரு ஞாபகம் துரை, ஏக்கம் புடிச்சிடுச்சு"ன்னேன்.

துரை என்ன செஞ்சாரு தெரியுமா? கப்பலைத் திருப்பினாரு. ஒத்தைப் பையனுக்காக. சின்னத் துரைங்கள்லாம் முணுமுணுத்தாங்க, எதிர்க்காத்து, பாய் கிழியுது, அதெல்லாம் அவரு கேக்கலை. பதினோரு நாள் எதிர்க்காத்துல தத்தளிச்சோம். அதுக்குள்ள பைலோவுக்குத் தொடை அழுகிப்போச்சு. மருந்து போட விட்டாத்தானே? பன்னண்டாம் நாள் காலையில போயிட்டான்.

பாயில சுத்திக் கடல்ல எறக்கினாங்க. துரை தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு, கண்ணு கலங்கியிருந்துச்சு. "அவன் பாஷையில ஏதாவது பிரார்த்தனை சொல்லு வஞ்சிமுத்து"ன்னாரு. எனக்கு அவங்க பிரார்த்தனை என்ன தெரியும்? வாயில வந்ததைச் சொன்னேன். தண்ணி, கண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு. அதையும் துரை தன் பொஸ்தகத்துல எழுதிக்கிட்டாரு.

அப்புறம் தீவுக்குப் போகலை, அவனை எறக்கத்தானே போனோம்? இந்தக் கூடலூர்க் கரையில என்னை எறக்கிவிடுறப்ப துரை என் கையைப் புடிச்சுக் குலுக்கி ஒரு நற்சாட்சிப் பத்திரம் குடுத்தாரு. செம்பாயி அதை மஞ்சத்துணியில சுத்தி அரிசிப் பானையில வெச்சிருக்கா. நான் அதுக்கப்புறம் கடலுக்குப் போகலை. கிளிஞ்சல் பொறுக்கி, சுட்டு, சுண்ணாம்பு வித்துக்கிட்டிருக்கேன். ஊருல இன்னும் என்னைத் துபாசின்னுதான் கூப்பிடுறாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மாலுமி சொன்னான், துரை எழுதின படம் அச்சுல வந்துடுச்சாம். அந்தத் தீவுக்குத் துரோகத் தீவுன்னு பேரு போட்டிருக்காம். வான்னு கூப்பிட்டுட்டு அடிச்சாங்களே, அதனால. அந்தப் பக்கம் போற கப்பலுங்க இப்ப தூரத்துலயே பீரங்கியைத் தயாரா வெச்சுக்கிட்டுத்தான் போவுதாம். அந்தப் பச்சைப் புள்ளை பொழைச்சிருந்தா இப்ப அஞ்சு வயசு.

இதான் காரணம். எந்த மூஞ்சியோட அந்தக் கரையில எறங்குவேன்? போய் துரைகிட்ட வஞ்சிமுத்து செத்துட்டான்னு சொல்லிடுங்க. இல்ல, காச்சல்னு சொல்லுங்க. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல. நான் இல்லாட்டி அவரு அந்தத் தீவுக்குப் போக மாட்டாரு, அதுவும் நல்லதுதானே?

என்னது?

நான் வரலைன்னாலும் போறாரா? துப்பாக்கி புடிச்ச இருவது சொல்தாதுங்களோடயா? பாஷைக்கு என்ன பண்ணுவாரு?

மலாக்காக்காரரு ஒருத்தரு. கெடைச்சிட்டாரா. அவருக்கு அந்தத் தீவு பாஷை தெரியுமாமா?

எல்லாத் தீவு பாஷையும் தெரியும்னு சொன்னாராமா.

கொஞ்சம் இருங்க. எளனியைக் கீழ வைங்க. கொஞ்சம் சும்மா இருங்க.

எனக்கு நூத்தம்பது வார்த்தை தெரியும் ஐயா. இன்னும் மறக்கலை. காளவாயில வேலை செய்யுறப்ப தெனமும் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன். பொறுங்கன்னு சொல்லத் தெரியும். போறோம்னு சொல்லத் தெரியும். உங்க பெரியவரு சொன்னதை நான்தான் சொல்லலைன்னும் சொல்ல முடியும், அதுக்கு ஏழு வார்த்தை வேணும், ஏழும் இருக்கு. அவங்க என்னைக் குத்தினா குத்தட்டும்.

கப்பல் என்னைக்குக் கெளம்புது? வியாழக்கெழமையா. அப்ப இன்னிக்கே படகு புடிக்கணும்.

வேணாம், நீங்க எழுதாதீங்க. கடுதாசியில எல்லாம் அழகாத்தான் இருக்கும். துரைகிட்ட நானே சொல்றேன், என் வாயாலயே. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நான் அவரு முன்னால நிக்கிறப்ப நீங்க பக்கத்துல நில்லுங்க. உங்களுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீசும் தெரியும். நான் இன்னிக்குச் சொன்னது முழுசும் உங்க காதுல இருக்கு. என் வாயி பழகிப்போன வாயி ஐயா. அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாருன்னா, கையை நீட்டினாருன்னா, அது வேற எதையாவது சொல்லிடும். காத்துன்னு சொல்லும், சுட்டவன் நான் இல்லன்னு சொல்லும், ஊரு ஏக்கம்னு சொல்லும். அப்ப நீங்க குறுக்க புகுந்து, 'இல்ல துரை, இவன் மாத்திச் சொல்றான்'னு சத்தமாச் சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.